நெற்குப்பைக்குப் போன கேசட்

நான் புல்லாங்குழல் வாசிப்பேன் என்பதை ஊரில் முதலில் நம்பியவன் நான்தான். கடைசியாக நம்பியவனும் நானேதான். இடையில் என் தாய்மாமன் ஒருவர் நம்பினார். அதுவும் எனக்குப் பெண் கேட்கப் போன இடத்தில், என்னைப் பற்றிச் சொல்ல வேறு எதுவும் அகப்படாததால்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. காரைக்குடியில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். பெண்ணுக்கு ஊர் நெற்குப்பை, பெயர் மீனாட்சி. போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து கடிதங்களில் விலாசத்தை மாற்றி மாற்றி எழுதினேன். (முன்பும் அப்படித்தான். இப்போது காரணம் கிடைத்தது.)

“மாப்பிள்ளை கச்சேரி பண்ற அளவுக்குக் குழல் வாசிப்பாப்ல” என்று மாமா அங்கே அளந்துவிட்டார். பெண்ணின் அப்பா விவசாயி. ஆனால் சுற்றுவட்டாரத்தில் எந்தக் கோயிலில் கச்சேரி என்றாலும் முதல் வரிசையில் இருப்பவர். “அப்படியா? ஒருக்கா கேட்டுட்டுத் தேதி குறிச்சுருவோம்” என்றாராம்.

நாலு பேர் முன்னால் வாசித்தால் எனக்கு உதடு உலர்ந்துவிடும். தவித்துக்கொண்டிருந்தபோதுதான் எதிர்வீட்டுக் காதர் அண்ணன் பினாங்கிலிருந்து ஒரு டேப் ரெக்கார்டரோடு வந்து இறங்கினார்.

“வீட்டுலயே பதிஞ்சு கொண்டுபோயிருவோம் தம்பி. நானும் வாரேன். மிசின நம்பி யாருகிட்டயும் குடுக்க மாட்டேன்.”

நெல் மூட்டை அடுக்கியிருந்த அறைதான் ஸ்டுடியோ. ஜன்னலைச் சாக்கால் அடைத்தோம். கோழிகளைக் கூடையில் கவிழ்த்தோம். ஒரு மணி நேரத்துக்கு வீட்டில் சத்தமே கூடாது என்று உத்தரவு போட்டேன்.

“மூச்சாவது விடலாமாய்யா?” என்றாள் அம்மா.

“மெதுவா விடு” என்றேன், சிரிக்காமல்.

காதர் அண்ணன் மைக்கை என் உதட்டுக்கு நாலு விரற்கடை தூரத்தில் கட்டினார். “தள்ளி வச்சா சத்தம் அங்குட்டுப் போயிரும்” என்றார். நான் ஊத ஊத, மிஷினில் இருந்த சிறு முள் துள்ளியது. “முள்ளு ஆடுது தம்பி! அருமையா ஆடுது!” அவர் கண்ணில் நீர் நிறைந்தது. (சாக்குத் தூசியாகவும் இருக்கலாம்.)

போட்டுக் கேட்கலாமா என்றேன். “பேட்டரி தீந்துரும். பொண்ணு வீட்டுலயே கேட்டுக்கிருவோம்” என்றார். என் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லாததால் நானும் சரி என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நெற்குப்பையில் கூடம் நிறைய உறவினர். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம். காதர் அண்ணன் பொத்தானை அமுக்கினார்.

‘புஸ்ஸ்... புஸ்ஸ்... புஸ்ஸ்...’

மைக் என் மூச்சை மட்டும் விழுந்து விழுந்து பதிந்திருந்தது. எங்கோ தூரத்தில், அடுத்த ஊரில் வாசிப்பதுபோல, குழல் முனகியது. சைக்கிளுக்கு யார் காற்றடிக்கிறார்கள் என்று பார்க்க ஒரு பெரியவர் எழுந்து வாசலுக்கே போய்விட்டார்.

“என்ன ராகம் தம்பி?” என்றார் பெண்ணின் அப்பா, மரியாதையாக.

“இனிமேத்தான் வரும்” என்றேன்.

ராகம் வரவில்லை. வாசித்து முடித்த பூரிப்பில் நாங்கள் மிஷினை உடனே நிறுத்தியிருக்கவில்லை. அதனால் அம்மாவின் குரல் வந்தது. “நல்லாப் பதிஞ்சிருக்குமாய்யா? அந்த மனுசரு கச்சேரியெல்லாம் கேக்குறவராமே?”

பிறகு என் குரல். குழலுக்கு வாய்க்காத துல்லியம் அதற்கு வாய்த்திருந்தது. “அவருக்கு என்னம்மா தெரியும்? மத்தவுக தலையாட்டுறதப் பாத்துத் தானும் ஆட்டுற ஆளு. நான் எத ஊதுனாலும் ஆட்டுவாரு.”

காதர் அண்ணன் பதறிப்போய் ஏதேதோ பொத்தானை அமுக்க, நாடா பின்னால் ஓடி, ‘அவருக்கு என்னம்மா தெரியும்’ இரண்டாம் தடவையும் கணீரென்று ஒலித்தது. அப்புறம்தான் நின்றது.

பஸ் நிலையம் எந்தப் பக்கம் என்று யோசித்தேன். மீனாட்சியின் போட்டோவைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்றும் யோசித்தேன்.

பெண்ணின் அப்பா என்னையே பார்த்தார். பிறகு நிதானமாக, மேலும் கீழுமாகத் தலையை ஆட்ட ஆரம்பித்தார்.

“இம்புட்டு ஆட்டுனாப் போதுமா மாப்பிள்ள? இன்னும் ஆட்டணுமா?”

கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்பு வெடித்தது. அடக்கப் பார்த்து, முடியாமல், விக்கலோடு வந்த சிரிப்பு. அவர் என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட்டதே எனக்கு ஒரு நிமிடம் கழித்துத்தான் உறைத்தது.

தை மாதம் கல்யாணம் நடந்தது. அன்றிலிருந்து நான் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசினால், வீட்டில் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. வரிசையாகத் தலையை ஆட்டுவார்கள். அலுவலகத்தில் எனக்குப் பணி நிறைவு விழா நடந்தபோது உருக்கமாக ஏற்புரை ஆற்றினேன். முன்வரிசையில் மீனாட்சி, மகள், மருமகன் மூவரும் ஒரே தாளத்தில் ஆட்டினார்கள். மேடையில் இருந்த அதிகாரிகள் அதைப் பார்த்து, பேச்சு பிரமாதம் போலிருக்கிறது என்று தாங்களும் ஆட்டினார்கள்.