மூன்றாம் மாடி மிஸ்ஸி

தொண்ணூறுகளில் இத்தாலியின் பலெர்மோவில் இருந்த தமிழர்களில் தன் வருத்தத்தை ரகசியமாக வைத்திருந்தவர் என்று ஒருவரும் கிடையாது. யாருக்கு மூலம், யாருக்குப் பூச்சித் தொல்லை, யாருக்கு முதுகில் சிரங்கு என்பதெல்லாம் கால்சாப் பகுதியில் ஒரு தெரு முழுவதற்கும் தெரியும். அந்தத் தெருவில் தோடம்பழம் விற்ற சால்வோ என்ற சிசிலிக்காரனுக்கும் தெரியும். எல்லாம் மிஸ்ஸியின் தொண்டையால் வந்த வினை.

மிஸ்ஸி என்பது பெயரல்ல. எங்கள் பக்கத்தில் நேர்ஸ்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம். மன்னாரில் ஆஸ்பத்திரி நேர்ஸாக இருந்தவர், சண்டைக்குள் ஊரை விட்டுக் கிளம்பி, பலெர்மோவில் வயதான ஒரு சிஞ்ஞோராவை, அந்த ஊர்ச் சீமாட்டியை, பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்து சேர்ந்தார். சொந்தப் பெயரைக் கேட்டால், "மிஸ்ஸி எண்டு கூப்பிட்டாத் திரும்பிப் பாக்கிறன்தானே, பிறகென்ன?" என்பார்.

அவரைக் கண்டுபிடிப்பது ஒரு தனிக் கலை. தொலைபேசியில் பிடிக்க முடியாது. சிஞ்ஞோரா அதைப் பூட்டி வைத்திருந்தார். வீட்டுக்குள் போக முடியாது. சிஞ்ஞோராவுக்கு வெளியாட்கள் ஆகாது. மிஸ்ஸி இறங்கி வரவும் முடியாது; ஒரு நிமிடம் தனியே விட்டாலும், "ஐயோ, நான் சாகிறேன்!" என்று சிஞ்ஞோரா தெருவைக் கூட்டிவிடுவார். மகன் வந்து தாயோடு இருக்கும் வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் மிஸ்ஸிக்கு விடுதலை. மற்ற நாட்களில் வருத்தம் வந்தால், அந்தத் தெருவில் நின்று மூன்றாம் மாடிப் பல்கனியைப் பார்த்து, "மிஸ்ஸி!" என்று கூப்பிட வேண்டும்.

கூப்பிட்டால் மேலிருந்து கயிற்றில் ஒரு கூடை இறங்கும். அந்தப் பழைய தெருக்களில் மேல்மாடிப் பெண்கள் பாணும் மரக்கறியும் வாங்க இப்படித்தான் கூடை இறக்குவார்கள். மிஸ்ஸி அதில் தேர்மோமீற்றரை இறக்கினார். அதைக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு நடுத்தெருவில் நிற்க வேண்டும். அவர் சொன்னதும் எடுத்துக் கூடையில் போட்டால் மேலே போகும். பிறகு தீர்ப்பு வரும், தெருக்கோடி வரைக்கும் கேட்கும்படி.

நான் முதன்முதலில் போனது வயிற்றோட்டத்துக்கு. மொண்டெல்லோ கடற்கரையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். மிஞ்சிய சிப்பிகளைக் கொட்ட மனம் வரவில்லை, அதன் பலன்.

"எத்தினை தரம் போனது?" என்று மேலிருந்து கேள்வி வந்தது.

நான் விரலைக் காட்டினேன்.

"கையைக் காட்டாதை, வாயைத் திறந்து சொல்லு! தண்ணியாய்ப் போகுதோ, சளியாய்ப் போகுதோ?"

சால்வோ தராசை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்குத் தமிழ் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் மிஸ்ஸி கையால் போட்ட அபிநயம் எந்த நாட்டுக்காரனுக்கும் விளங்கும்.

"கொஞ்சம் மெல்லமாய்க் கதையுங்கோவன் மிஸ்ஸி, மானம் போகுது."

"மானத்துக்கு என்னட்டை மருந்தில்லை. வருத்தத்துக்குத்தான் இருக்கு. ஆரோடை இருக்கிறாய்?"

"ஒரேத்தோவிலை, பெடியளோடை ஒரு அறையிலை."

"அவங்களையும் கூட்டிக்கொண்டு வா."

"அவங்களுக்கு ஒண்டும் இல்லையே!"

"அதை நான் சொல்லவேணும். உன்ரை சட்டியிலை சாப்பிடுற எல்லாரையும் நான் பாக்கவேணும். குடும்பத்தோடை வா!"

இதுதான் மிஸ்ஸியின் வைத்தியம். தனி ஆளைப் பார்க்கவே மாட்டார். கல்யாணம் ஆகாத தடியன்கள் ஐந்து பேர், குடும்பமாக, பல்கனிக்குக் கீழே வரிசையில் நின்று நாக்கை நீட்டினோம். மூன்றாம் மாடியிலிருந்து அவருக்கு என்ன தெரிந்ததோ ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். ஒருவனுக்கு இரத்தம் காணாது என்றார். ஒருவனுக்குச் சிகரெட்டை விடச் சொன்னார். சமைக்கிறவன் எவன் என்று விசாரித்து, அவனுக்கு மட்டும் தனியாக ஏச்சு. உப்பும் சீனியும் கலந்த தண்ணீரை எனக்குக் குடிக்கச் சொல்லிவிட்டு, கடைசியில் கூடையை இறக்கினார். உள்ளே மாத்திரை இல்லை. ஒரு கட்டிச் சவர்க்காரம் இருந்தது.

வியாழன் பின்னேரம் ஊசி. பலெர்மோவில் டொக்டர்மார் எதற்கெடுத்தாலும் ஊசி எழுதுவார்கள். எழுதுவதோடு சரி, போடுகிற ஆளை நோயாளிதான் அயலில் தேடிப் பிடிக்க வேண்டும். எங்கள் அயலுக்கு, தமிழருக்கும் சிசிலிக்காரருக்கும், ஆள் மிஸ்ஸி. வீடு வீடாக வருவார். ஊசி போடும்போது வேதக்காரர் செபம் சொல்ல வேண்டும், சைவக்காரர் தேவாரம் பாட வேண்டும். செபத்திலோ பாட்டிலோ எந்த அடியில் குத்துவார் என்று தெரியாது. என் அறை நண்பன் ஒருவன், "ரெண்டு அடிதான் பாடமாக்கினனான் மிஸ்ஸி" என்று அழுதான். "அப்ப அதையே திருப்பித் திருப்பிப் பாடு" என்றார். சால்வோவுக்குச் செபமும் வராது, பாட்டும் வராது. அவன் பழங்களின் விலையைக் கூவ வேண்டும். ஒருமுறை எலுமிச்சம்பழத்தின் விலையைக் கூவும்போது ஊசி ஏறிவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் கிழமை முழுவதும் அவன் எலுமிச்சம்பழத்துக்கு விலை கூவவில்லை.

பிறகு எனக்குக் கல்யாணமாகி, சாந்தி வந்து சேர்ந்தாள். நாட்டில் தங்குவதற்கான பெர்மெஸ்ஸோ அவளுக்கு இல்லை. வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை இருந்தது. ஒரு கிழமையாகக் கால் வீக்கம், தலையிடி. ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தாலே அழுதாள்.

"பெர்மெஸ்ஸோ இல்லாமல் போனா குவெஸ்தூராவுக்கு அறிவிச்சுப் போடுவாங்கள். பொலிசு என்னைத் திருப்பி அனுப்பிப்போடும். பிறகு பிள்ளையும் நானும் அங்கை, நீங்கள் இஞ்சை."

கடைசியில் மிஸ்ஸியிடம் என்றால் வருகிறேன் என்றாள். செவ்வாய்க்கிழமை காலை பல்கனிக்குக் கீழே நின்றோம்.

"தம்பி, அவளின்ரை முழங்காலுக்குக் கீழை விரலாலை அமத்திப் பார். குழி விழுதோ?"

"ஓம் மிஸ்ஸி. விழுந்த குழி அப்பிடியே நிக்குது."

"பிள்ளை, கண்ணுக்கு முன்னாலை பூச்சி பறக்கிற மாதிரி மின்னுதோ?"

சாந்தி தலையாட்டினாள்.

மிஸ்ஸி கத்தவில்லை. கூடை பாதி வழியில் தொங்கியது. நிமிர்ந்து பார்த்தேன், பல்கனியில் ஆளில்லை. எனக்குப் பயம் வந்தது அப்போதுதான்.

கீழ்க்கதவு திறந்தது. செவ்வாய்க்கிழமையில் மிஸ்ஸி தரையில் நின்றதை அந்தத் தெரு அன்றுதான் பார்த்தது. சாந்தியின் கையைப் பிடித்து, எனக்கே சரியாகக் கேட்காத குரலில் சொன்னார்.

"இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகவேணும் பிள்ளை. பிறஷர் ஏறிக் கிடக்குது போலை. விட்டா ரெண்டு உயிருக்கும் கூடாது."

"பொலிசு..."

"வந்தா என்னைத் தாண்டித்தானே உன்னட்டை வரவேணும்? நான் கூட வாறன்."

மேலே சிஞ்ஞோரா சாகத் தொடங்கிவிட்டார். மிஸ்ஸி பல்கனியைப் பார்த்தார், சாந்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தம்பி, ஓடிப்போய்க் கதிரையோடை தூக்கிக்கொண்டு வா."

"எதை மிஸ்ஸி?"

"சிஞ்ஞோராவைத்தான்ரா! தனிய விடேலாது."

நானும் சால்வோவும் தூக்கினோம். லேசுப்பட்ட உடம்பில்லை. படிக்கொரு புனிதரைக் கூப்பிட்டார். இடைவெளியில் எங்கள் இரண்டு பேரின் பரம்பரையையும் திட்டினார். சால்வோவின் மூன்று சில்லு வண்டியில் முன்னுக்கு அவனும் சாந்தியும். பின்னால் தோடம்பழப் பெட்டிகளுக்கு நடுவே கதிரையில் சிஞ்ஞோரா, ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி மிஸ்ஸியும் நானும். பல வருடங்களாக வீட்டை விட்டு இறங்காத மனுஷி. முதல் திருப்பத்தில் அலறல் நின்றது. இரண்டாவது திருப்பத்தில், தேரில் வருகிற மாதிரி, சனங்களுக்குக் கை காட்டத் தொடங்கிவிட்டார்.

ஆஸ்பத்திரி வாசலில், "பத்திரங்கள்?" என்று கேட்டார்கள். மிஸ்ஸி தன் சமையலறை இத்தாலியனில் மாதம், வீக்கம், தலையிடி என்று அடுக்கினார். சிஞ்ஞோரா கதிரையில் இருந்தபடி, "இவள் என் வீட்டுப் பிள்ளை!" என்று கட்டிடம் அதிரக் கத்தினார். கத்தியே இருக்கத் தேவையில்லை. அதற்குள் ஒரு நேர்ஸ் தள்ளுவண்டியோடு வந்து, பத்திரம் பிறகு என்று சொல்லி, சாந்தியை உள்ளே கொண்டு போய்விட்டார். ஒரு பொலிசும் வரவில்லை.

சில நாளில் கத்தி வைத்துப் பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை. என் கைக்குள் அடங்குகிற அளவு. கண்ணாடிப் பெட்டிக்குள் கிழமைக்கணக்காகக் கிடந்தாள். மிஸ்ஸி வியாழனும் ஞாயிறும் வந்து பார்த்தார். "எப்பிடி மிஸ்ஸி?" என்று கேட்டால், "ம்... பாப்பம்" என்று மெல்லச் சொல்வார். அந்த மெல்லிய குரலை என்னால் தாங்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையை விட்ட அன்று சாந்தியும் நானும் வீட்டுக்குப் போகவில்லை. நேரே கால்சாவுக்குத்தான் போனோம். தெரு கூடிவிட்டது. கூடை இறங்கியது. தேர்மோமீற்றரைப் பிள்ளையின் கமக்கட்டுக்குள் வைத்துப் பிடித்தோம்; மேலே போனது. மிஸ்ஸி அதை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"காய்ச்சல் இல்லை! ஒரு குறையும் இல்லை! பிள்ளை நல்ல சுகம்!"

கடற்கரை வரை கேட்டிருக்கும். மேலே அவர் பக்கத்தில் இருந்த சிஞ்ஞோரா அதையே சிசிலிப் பாஷையில் இன்னும் பெரிதாகக் கத்தினார். சால்வோ தொப்பியைக் கழற்றி எறிந்தான். நான் நடுத்தெருவில் நின்று அழுதேன்.

இப்போது வேறு ஊர், வேறு வைத்தியர். கதவைச் சாத்திவிட்டு, பக்கத்து அறைக்குக் கேட்காமல் பேசுகிற நல்ல மனிதர். அவர் குரலைத் தாழ்த்தும் ஒவ்வொரு தடவையும் எனக்கு நெஞ்சு பதைக்கிறது. ஒருக்கால் மேலே நின்று கத்திச் சொல்லுங்கோ மிஸ்ஸி, ஊருக்கே கேட்கட்டும். மானம் போனால் போகட்டும்.