முன்னூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் தொதல்

உக்குவளை,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு.

கண்ணுக்குள் வைத்து வளர்த்த பேத்தி றிப்காவுக்கு, உன் உம்மம்மா கைறுன்னிஸா ஸலாம் சொல்லி எழுதுவது. நானும் வீடும் சுகம். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை, எழுத்துச் சாய்ந்திருக்கும். நீ மூளையையே படிக்கிறவள், இதையும் படித்துவிடுவாய்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன்னை வரச்சொல்லி இதை எழுதவில்லை. ஜெர்மனியில் உனக்கு ஓய்வில்லை என்று எனக்குத் தெரியாதா? இது மரியாதை விஷயம்.

போன மாதம் யாகூப் மாமாவின் மகள் ஜஸ்லா போனில் உன் பக்கத்தைக் காட்டினாள். எலி தன் பொந்துக்குத் திரும்பும் வழியை மூளையில் எங்கே வைத்திருக்கிறது என்று நீ ஒரு கட்டுரை எழுதினாயாம், முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் தங்கள் கட்டுரைகளில் அதை எடுத்து உன் பெயரைச் சொல்லியிருக்கிறார்களாம். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பிறகுதான் கேட்டேன், "அவங்களுக்கெல்லாம் இவ திருப்பி என்ன செஞ்சா?" "ஒண்ணும் செய்யத் தேவையில்ல வாப்பம்மா" என்கிறாள். தேவையில்லையா! நோன்புக்கு ஒரு வீட்டிலிருந்து கஞ்சி வந்தால் அந்தப் பாத்திரத்தில் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தானே திருப்பி அனுப்புவோம்? முன்னூற்றுப் பன்னிரண்டு பாத்திரம் வெறுமனே கிடந்தால் எனக்குச் சோறு இறங்குமா?

அவர்களில் ஒருவர் கண்டியில் பேராசிரியராம். சரி, கிட்டத்திலிருந்து தொடங்குவோம் என்று தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் விட்டு, தோள்பட்டை கழன்று விழத் தொதல் கிண்டி, டின்னில் போட்டு, தம்புள்ளையிலிருந்து கண்டிக்கு மரக்கறி ஏற்றிப்போகும் யாகூப் மாமாவிடம் கொடுத்துவிட்டேன். பூசணிக்காய் லொறியைப் பல்கலைக்கழகக் காவல்காரன் உள்ளே விடவில்லை, பேராசிரியரே வாசலுக்கு வந்து வாங்கினாராம், அங்கேயே ஒரு துண்டு வாயில் போட்டாராம், அப்புறம் சிரியோ சிரி என்று சிரித்தாராம். மாமா வீட்டுக்கு வந்து சொன்னான், "உம்மா, அந்த மனுஷன் நம்ம புள்ளைய புகழல்ல. அவ சொன்னது பிழைன்னு எழுதியிருக்கார்! எலிக்கு ஞாபகமும் இல்ல, மண்ணும் இல்ல, வாசத்த பிடிச்சுக்கிட்டுத்தான் வீட்டுக்கு வருதாம்."

"அப்போ என் தொதல திருப்பி வாங்கிட்டு வாடா!" என்றேன். ஜஸ்லா குறுக்கே வந்து, "குறை சொன்னாலும் கணக்குல சேரும் வாப்பம்மா" என்றாள். அப்படிப் பார்த்தால் பக்கத்து வீட்டு மபாஸா என் புரியாணியைக் குறை சொன்ன கணக்குக்கு நான் எப்போதோ பேராசிரியர் ஆகியிருக்க வேண்டும். அவள் இதையும் விடவில்லை. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "முன்னூறு பேர் தேடுற புள்ள, நீங்க தேடினா மட்டும் வரமாட்டாளா தாத்தா?" என்று அக்கா முறை கொண்டாடிக் கேட்டாள். "அவளுக்கு லீவு இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து, வேலையில்லாத வேலையாக, கழுவிய கோப்பைகளையே மறுபடி கழுவிக்கொண்டு நின்றேன்.

நீ போகும்போது நட்ட ரம்புட்டான் இரண்டு தரம் காய்த்துவிட்டது. வௌவாலுக்கு நல்ல காலம். கடைசிக் கொத்தைச் சேலைத் துணியால் கட்டி வைத்தேன், உனக்கென்று இல்லை, சும்மாதான். அதுவும் பழுத்து விழுந்துவிட்டது.

மகள், அந்த மனுஷன் எழுதியதை நம்பாதே. எலிக்கு வீட்டு வழி ஞாபகம் இருக்கிறது. நான் உன் பக்கம்.

நேரத்துக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை. அல்லாஹ் உன் அறிவையும் உன் பெயரைச் சொல்கிறவர்களையும் பெருக்கட்டும். எனக்காக நீ வரத் தேவையில்லை.

துஆவுடன்,
உம்மம்மா

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும்போது, மறுபடி கண்டிக்குப் போயிருந்த மாமா வந்துவிட்டான். பேராசிரியர் டின்னை வெறுமனே அனுப்பவில்லை, அவர் மனைவி கித்துள் மரத்துக் கருப்பட்டி நிறைத்து அனுப்பியிருக்கிறார். "அந்தப் பிள்ளை வந்தால் நேரில் வாதாடலாம்" என்று பேராசிரியர் சொன்னாராம். பார், பாத்திரம் மறுபடி நம் பக்கம் வந்துவிட்டது! ஐந்தாம் வகுப்பை வைத்துக்கொண்டு நான் எலியைப் பற்றி என்ன வாதாடுவது? ஹஜ்ஜுப் பெருநாளைக்கு நீயே வந்து பதில் சொல்லு. கண்டியிலிருந்து நம் வீடு பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான். உன் மெத்தையை வெயிலில் போட்டுவிட்டேன். ஒருவேளை அவர் சொன்னதுதான் சரி, எலி வாசத்துக்குத்தான் வீட்டுக்கு வரும் என்றாலும் எனக்குக் கோபமில்லை. புறப்படும் நாளை மட்டும் சொல், தொதலை அடுப்பில் ஏற்றிவிடுகிறேன்.