மில்லர்புரத்து மச்சான்

மாமனார் இல்லாமல், மாமியார் இல்லாமல், பெண்டாட்டியும் இல்லாமல் இருபது மச்சினன்மார்களைச் சம்பாதித்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் தூத்துக்குடி மில்லர்புரத்தில் இருந்தார். பெயர் என்னவென்று எனக்குக் கடைசிவரை தெரியாது. ஊருக்கே அவர் 'மச்சான்'.

பட்டுப்போன மரங்களை வெட்டி இறக்குவது அவர் தொழில். எங்கள் பக்கம் அதற்குப் பஞ்சமே இல்லை. நிலத்தடியில் உப்பு ஏற ஏற, ஆசையாக வைத்த வேம்பும் முருங்கையும் நின்ற நிலையிலேயே உயிரை விட்டன. மச்சான் அதற்கு முன்னால் கடலில் முத்துக்குளித்தவர். கடலை விட்டாரே தவிர அதன் பழக்கங்களை விடவில்லை. மரத்தின் மேலே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் ரம்பம் போடுவார். ஒரு நிமிஷம் அறுப்பு, பிறகு தெருமுனை வரை கேட்கிற ஒரு பெருமூச்சு, மறுபடி அறுப்பு.

"மேலே காத்துக்கு என்ன குறைச்சல் அண்ணாச்சி, மூச்சு விடப்படாதா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"விட்டா கை ஓடாது சார்வாள்."

நான் அப்போது துறைமுக ஆபீஸில் குமாஸ்தா. என் வாடகை வீட்டிலும் ஒரு பட்ட வேம்பு, சமையலறை ஓட்டின்மேல் சாய்ந்து நின்றது. அந்த ஐப்பசியில் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள். வீட்டிலோ என் மனைவி வசந்தாவும் கைக்குழந்தையும். ஓட்டமாக ஓடிப்போய் மச்சானைக் கூட்டி வந்தேன்.

வந்தவர் மரத்தைப் பார்க்கவில்லை, என்னை ஏற இறங்கப் பார்த்தார். தன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டார்.

"உமக்குத் தங்கச்சி உண்டுமா?"

"கிடையாதே."

"இருக்கான்னு நெனச்சுக்கிடும். அவளை எனக்குக் கெட்டிக் குடுத்தாச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆழ்வார்திருநகரியில் பஞ்சகச்சத்தோடு உட்கார்ந்திருக்கும் என் அப்பாவை நினைத்துக்கொண்டேன்.

"கடல்ல முங்குதவனுக்குக் கயித்தப் பிடிக்கவன், அவன் பொண்டாட்டி கூடப்பிறந்தவனாத்தான் இருக்கணும்" என்று மச்சான் விளக்கினார். "தங்கச்சி தாலியறுக்கப்படாதுன்னு உயிரைக் குடுத்துப் பிடிப்பாம்லா. எனக்குக் கல்யாணம் ஆகல. அதுக்காவ வழக்கத்தை விட முடியுமா?"

இப்படித்தான் தெருத்தெருவாக உறவு சேர்த்திருக்கிறார். பக்கத்து வீட்டு ஹெட்மாஸ்டருக்கு நாலு தங்கைகள். அதில் எவள் என்று அவர் கேட்டதற்கு, "எவ மேல உமக்குப் பாசம் அதிகமோ, அவ" என்றாராம்.

கயிற்றை மேலே ஒரு கவட்டையில் போட்டுக் கீழே விட்டார். நுனியை நான் பிடித்துக்கொண்டேன். அரை மரம் இறங்கியிருக்கும். அவர் உட்கார்ந்திருந்த கிளை சடாரென்று முறிந்தது. கயிறு என் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு ஓடியது.

"ஏன்னா, விட்டுடாதேள்" என்று வசந்தா அலறினாள்.

பேனாவைத் தவிர எதையும் தூக்கிப் பழகாத கை. விட்டிருப்பேன். அந்த நேரம் பார்த்து, இல்லாத தங்கை கிணற்றடியில் தாவணியோடு நின்று என்னையே பார்ப்பது போலிருந்தது. கிணற்றுச் சுவரில் காலை முட்டுக்கொடுத்து நிறுத்தினேன். பிறகு மெல்ல மெல்ல இறக்கினேன். தரையில் கால் பட்ட பிறகும் மச்சான் கண்ணையும் வாயையும் இறுக மூடிக்கொண்டு நின்றார்.

"தரை வந்துடுத்து அண்ணா, மூச்சை விடுங்கோ" என்றாள் வசந்தா.

விட்டார். முதல் வார்த்தை, "தங்கச்சி பொழச்சா."

ஒரு சொம்பு மோரைக் குடித்துவிட்டு மறுபடி ஏறி, பொழுது சாய்வதற்குள் மிச்ச மரத்தையும் இறக்கிக் கொடுத்தார். அன்று இரவு அடித்த காற்றில் எங்கள் ஓடு ஒன்றுகூட நகரவில்லை.

பல வருஷம் கழித்து மச்சான் படுக்கையிலேயே அமைதியாகப் போய்ச் சேர்ந்தார். கல்லறைத் தோட்டத்தில் பெட்டியைக் குழிக்குள் இறக்கும் நேரம் மாதா கோயில் சாமியார், "கயிறு பிடிக்கச் சொந்தக்காரங்க யாரும் இருக்கீங்களா?" என்று கேட்டார். "நான் மச்சினன்" என்று இருபது பேர் முன்னால் வந்தோம். சாமியார் திகைத்துப் போனார். எங்களுக்குள் தள்ளுமுள்ளு. ஹெட்மாஸ்டர் என் காலை மிதித்துவிட்டார். நானும் விடவில்லை, ஒரு நுனியைப் பிடித்துவிட்டேன்.

அவசரப்படாமல், மெல்ல மெல்ல இறக்கினேன். எனக்கு நிஜமாகவே ஒரு தங்கை இருந்திருக்கலாமே என்று அன்றைக்குத்தான் தோன்றியது.