நாலு மணி நேரப் பயணம்

விமானம் மேலே ஏறிய சற்று நேரத்துக்கெல்லாம் முன் இருக்கையின் முதுகில் இருந்த சின்னத் திரை விழித்துக்கொண்டது. போக வேண்டிய தூரத்தையும் ஆகப்போகும் நேரத்தையும் அது பட்டவர்த்தனமாகப் போட்டது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர் தன் ஸ்வெட்டரை அவசரமாகக் கழற்றி, மனைவிக்கு எதிரே இருந்த திரையின் மேல் தொங்கவிட்டார்.

"குளிரலையா?" என்றாள் அவள்.

"புழுக்கமா இருக்கு" என்றார், பல் தந்தியடிக்க.

அவருக்கு வேறு வழியில்லை. வெளிநாட்டில் மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கிவிட்டது. கூடமாட ஒத்தாசைக்கு ஆள் கிடையாது. டிக்கெட் வந்த அன்று "எவ்வளவு நேரம் போகணும்?" என்று மனைவி கேட்டாள். முக்காலியில் ஏறவே தயங்குகிறவள். நிஜத்தைச் சொன்னால் வரமாட்டாள். பேருந்தில் ஆயுள் முழுக்கப் பயணிகளைச் சமாளித்த மனிதர், டிக்கெட்டை நீட்டிக் காட்டினார். காலை பத்துக்குப் புறப்பாடு, மதியம் இரண்டுக்கு இறக்கம். அந்த ஊர்க் கடிகாரம் நம்முடையதற்குப் பத்து மணி நேரம் பின்னால் ஓடுகிற சங்கதியை மட்டும் விழுங்கிவிட்டார்.

"நாலு மணி நேரம்தானா, அப்ப சரி" என்று அவள் பெட்டி கட்டினாள்.

இப்போது அந்த நாலு மணி நேரம் எப்போதோ தீர்ந்துவிட்டது. ஒலிபெருக்கியில் விமானி தொண்டையைச் செருமிக்கொண்டு "இன்னும் ஒன்பது" என்று ஆரம்பித்தார். மிச்சம் அவள் காதில் விழாதிருக்கக் கண்டக்டர் பலமாக இருமினார். பொய் இருமல் நிஜ இருமலாகிப் புரையேறியது. பக்கத்து இருக்கைக்காரர் முதுகில் ஓங்கித் தட்ட, பணிப்பெண் தண்ணீரோடு ஓடிவர, அந்தத் தண்ணீர் முழுவதும் சட்டையில் கொட்டியது.

"முதல்ல இதைப் போடுங்க" என்று மனைவியே ஸ்வெட்டரை உருவி அவர் தலையில் மாட்டினாள். கழுத்தை வெளியே நீட்டிப் பார்த்தால், எதிரே திரை பளிச்சென்று நின்றது: மீதி எட்டே முக்கால்.

"அது அந்த ஊர் மணி" என்றார் முந்திக்கொண்டு.

அவள் தலையாட்டினாள். வெகுநேரம் கழித்துத் திரை ஏழு என்று காட்டியது.

"அந்த ஊர்ல மணி பின்னாடி போகுமாங்க?"

"வெளிநாடு இல்லையா, எல்லாம் தலைகீழாத்தான் இருக்கும்."

அவள் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்றே கண்டக்டர் நினைத்தார். புளுகிக் கூட்டிவந்த பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு, இருக்கைகளைப் பிடித்துப் பிடித்துத் தள்ளாடியபடி பின்கட்டுக்குப் போனார். பணிப்பெண்ணிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தார். மகளைப் பார்க்கிற வரைக்கும் மனைவி தைரியம் இழக்காதிருக்க ஏதாவது செய்ய முடியுமா என்று கெஞ்சினார்.

பணிப்பெண் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"ஏறும்போதே அம்மா எங்ககிட்ட சொல்லிட்டாங்க சார். 'என் வீட்டுக்காரர் நாலு மணி நேரம்னு நம்பித்தான் ஏறியிருக்கார், பதினாலுன்னு தெரிஞ்சா பயந்துடுவார், யாரும் வாயைத் திறந்துடாதீங்க'ன்னு."