வாசிகசாலைக் கம்பியூட்டரின் ரகசியச் சொல்

கம்பியூட்டர் வகுப்புக்குப் போய் வந்த புதிதில் இருப்பவர்களிடம் எதையும் நம்பிக் கொடுக்கக் கூடாது. அதிலும் பழைய கம்பியூட்டர் ஒன்றைக் கொடுக்கவே கூடாது. அது செத்தாலும் ஆபத்து, பிழைத்தாலும் ஆபத்து. எங்கள் தோட்டத்தில் அது பிழைத்துவிட்டது.

தெரணியகலைக்கு மேலே, பாதி தேயிலையும் பாதி ரப்பருமாகக் கிடக்கிற தோட்டம் எங்களுடையது. அங்கே வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் நான் டீச்சர். ஏ.எல். பரீட்சை எழுதி முடித்துவிட்டு, அவிசாவளைக்கு பஸ்ஸில் போய்ச் சில மாதம் கம்பியூட்டர் படித்திருந்தேன். (படித்ததில் பெரும்பங்கு மவுஸை எப்படிப் பிடிப்பது என்பதுதான். சான்றிதழில் அப்படிப் போடமாட்டார்கள்.) தோட்டத்து ஆபீசுக்குப் புதுக் கம்பியூட்டர் வந்ததும், உழைத்துக் களைத்த பழையதைத் தோட்டத்து மானேஜரான துரை எங்கள் வாசிகசாலைக்குக் கொடுத்தார்.

"இதுல ஒன்னும் ஓடாதும்மா. மேல பூச்சாடி வைக்கலாம்" என்று சொல்லித்தான் பெரிய கிளாக்கர் அதை ஒப்படைத்தார்.

அவர் சொன்னது பொய்யில்லை. சுவிட்சைப் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால்தான் திரையில் ஏதாவது தெரியும். ஓர் எழுத்தைத் தட்டினால், அது உள்ளே போய் யாரிடமோ அனுமதி கேட்டுவிட்டு வெளியே வரும்.

"நான் சரி பண்ணித் தர்றேன்" என்று யூனியன் தலைவரிடம் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. தலைவர் அந்த இடத்திலேயே திறப்பு விழாவுக்கு நாள் குறித்து, துரையையும் அழைத்துவிட்டார்.

சரி பண்ணும் வழி எனக்குத் தெரியாது. ரவிச்சந்திரனுக்குத் தெரியும். எங்கள் வரிசை வீடுகளில் கீழ் லயத்து முத்தம்மா அத்தையின் மகன் அவர். கொழும்பில் ஒரு கம்பியூட்டர் கடையில் வேலை. தீபாவளிக்கு வந்திருந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன். கொழும்புக்குத் திரும்பும்முன் ஒரு சீடியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"இது லினக்ஸு. அதுலயும் ரொம்ப மெலிசான ரகம். கெழட்டு மிஷினுக்குன்னே செஞ்சது. போட்டுப் பாரு, ஓடும்."

எங்களுக்குள் அதற்கு முன்பே ஏதோ ஒன்று இருந்தது. அது என்னவென்று இருவரும் சொல்லிக்கொண்டதில்லை. (சீடியை வெறுமனே தராமல் தாளில் சுற்றித் தந்ததையே நான் பெரிய வாக்குறுதியாக எடுத்துக்கொண்டேன்.)

கம்பியூட்டர் இருந்தது கீழே, வாசிகசாலையில். போன் சிக்னல் கிடைத்ததோ மேலே, தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில். சீடி ஏதாவது கேள்வி கேட்கும். அதை மனப்பாடம் பண்ணிக்கொண்டு மலையேறி, ரவிச்சந்திரனுக்குப் போன் போட்டுக் கேட்டு, பதிலோடு கீழே ஓடி வருவேன். அதற்குள் அது அடுத்த கேள்வியைக் கேட்கும்.

"உள்ள இருக்கிறத முழுசா அழிக்கட்டுமான்னு கேக்குதுங்க!"

"ஆமான்னு சொல்லு."

"ஏதும் ஆயிடாதா?"

"இனி ஆவறதுக்கு அதுல என்னா இருக்கு?"

மழைக்காலம். ஏறி இறங்கியதில் காலெல்லாம் அட்டை. லயத்தில் எல்லோரும் பார்த்தார்கள். தேயிலைப் பெக்டரியில் வேலை செய்யும் என் அப்பா மட்டும் பெருமையில் பூரித்துப் போனார். "நம்ம வாசிகசாலைக்காக எம் புள்ள அட்டைக்கடி படுது" என்று வழியில் கண்டவர்களிடமெல்லாம் சொன்னார். நானும் தியாகி மாதிரி நொண்டிக் காட்டினேன்.

கடைசியாக அது ரகசியச் சொல் கேட்டது. மறுபடி மலையேறினேன்.

"யாருக்கும் தெரியாத ஒன்னப் போடு. ஆனா ஒனக்கு மறக்கவே கூடாது" என்றார் ரவிச்சந்திரன்.

யாருக்கும் தெரியாதது, எனக்கு மறக்காதது. அப்படி என்னிடம் ஒன்றுதான் இருந்தது. அதைப் போட்டேன். அவரிடம்கூடச் சொல்லவில்லை.

கம்பியூட்டர் ஓடியது! தட்டிய எழுத்து தட்டியவுடன் வந்தது. பெரிய கிளாக்கரே வந்து பார்த்துவிட்டு, "இது அதுதானா?" என்று பெட்டியின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தார்.

திறப்பு விழாவன்று கம்பியூட்டருக்குச் சந்தனம் வைத்து, குங்குமம் இட்டு, மாலையும் போட்டிருந்தார்கள். நான் முன்கூட்டியே எல்லாவற்றையும் தயார் செய்து, திரையில் அழகான ஒரு பூப்படத்தை வைத்துவிட்டேன். துரை வந்து மவுஸை ஒரு தடவை தட்ட வேண்டியதுதான் பாக்கி. மைக் பாடசாலை அதிபரிடம் இருந்தது. நடப்பதையெல்லாம் அவ்வப்போது விளக்கிச் சொல்வது அவர் பொறுப்பு. அவருடைய குரல் சவுண்ட் செட் வழியாகக் கொழுந்து பறிக்கும் மலைவரை கேட்டது.

துரை விளக்கேற்றினார். கரண்ட் போனது. அடுத்த நிமிடமே வந்தும் விட்டது. ஆனால் பூப்படம் வரவில்லை. கறுப்புத் திரையும், அதில் பெயர் கேட்டு மினுக்கும் ஒரு கோடும்தான் வந்தன.

உண்மையில் அங்கே வாசிகசாலையின் பெயரை அடிக்க வேண்டும். ரகசியச் சொல் அதற்குப் பிறகு. ஆனால் துரை என் தோளுக்குப் பின்னால் நிற்கிறார், தலைவர் நிற்கிறார், அப்பா முன்வரிசையில். பெயர் என்றதும் என் விரல்களுக்கு ஒரே ஒரு பெயர்தான் தெரிந்திருந்தது. அடித்தேன். ரகசியச் சொல் கேட்டால் மறைத்து வைத்துக்கொள்ளும் அந்தத் திரை, இதைப் பளிச்சென்று வெள்ளை எழுத்தில் காட்டியது. பதற்றத்தில் கிடைத்த பொத்தானையெல்லாம் அமுக்கினேன். கம்பியூட்டர் சற்று யோசித்துவிட்டு, பெயருக்குக் கீழே தன் தீர்ப்பை எழுதியது.

அதிபர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மைக்கில் வாசித்தார். "ரவிச்சந்திரன்... லொகின் இன்கரெக்ட். அதாவது அன்பர்களே, ரவிச்சந்திரன் தவறு என்று கம்பியூட்டர் கூறுகின்றது."

கூட்டத்தின் நடுவிலிருந்து முத்தம்மா அத்தை எழுந்தார்.

"என்னாங்கய்யா இது? எம் மவன் என்னா தப்புப் பண்ணான்? அவன் பாட்டுக்குக் கொழும்புல வேல செய்றான்!"

துரை தலைவர் பக்கம் திரும்பி, "கவுத மே ரவிச்சந்திரன்?" என்றார். யார் இந்த ரவிச்சந்திரன் என்று, யாரோ பெரிய ஆளைப் பற்றிக் கேட்கும் மரியாதையோடு கேட்டார்.

"அபே லயிமே கொல்லெக், சர்" என்றார் தலைவர். நம்ம லயத்துப் பையன்தான் என்று அவர் சிங்களத்தில் சொன்னதும், எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பின. எல்லோருக்கும் புரிந்துவிட்டது, முத்தம்மா அத்தையைத் தவிர.

அப்பா என் கால்களைத்தான் பார்த்தார். மெதுவாகக் கேட்டார்:

"பாப்பா... அட்டைக்கடி எல்லாம் இதுக்குத்தானா?"

அப்போது நிலம் பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். (குருவிட்ட பக்கமாக இருந்திருந்தால் யாராவது தோண்டி வைத்த மாணிக்கக் குழியாவது கிடைத்திருக்கும்.) வேறு வழியில்லாமல் மறுபடி கம்பியூட்டர் பக்கம் திரும்பினேன். வாசிகசாலையின் பெயரைச் சரியாக அடித்தேன்.

"இப்போது டீச்சர் ரகசியச் சொல்லை அடிக்கின்றார்" என்று அதிபர் தொடர்ந்தார். "அது திரையில் தெரியாது. அது என்னவென்று யாருக்குமே தெரியாது."

"எங்களுக்குத் தெரியுமுங்க!" என்று பின்வரிசையில் ஒரு பெண் குரல் கொடுத்தாள். அந்தச் சிரிப்பில் கொட்டகைத் தகரமே அதிர்ந்தது. துரையும் சிரித்தார். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. பூப்படம் வந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் முத்தம்மா அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தார். சண்டைக்குத்தான். வாசலில் நின்றபடியே அப்பாவிடம் கேட்டார்:

"ஊருக்கே கேக்க மைக்குல எம் மவன் பேரக் கெடுத்துட்டீங்க. இனி அவனுக்கு யாருங்க பொண்ணு குடுப்பா?"

பெண்ணைப் பெற்றவன் கேட்க வேண்டிய கேள்வியை அந்த அம்மா முந்திக்கொண்டு கேட்டுவிட்டதில், கோபப்படவும் அப்பாவுக்கு இடமில்லை.

"உள்ள வந்து உக்காருங்க" என்றார். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் பேசுவோம்."

ரவிச்சந்திரனுக்கு இதையெல்லாம் தண்ணீர்த் தாங்கியடியில் நின்று சொன்னேன். சிக்னல் போய்விட்டதென்று நினைத்தேன். "எழுத்துப் பிழையில்லாமத்தானே அடிச்ச?" என்று கேட்டார். எங்கள் கல்யாணப் பேச்சில் அவருடைய பங்கு அவ்வளவுதான்.

ரகசியச் சொல்லை மாற்ற எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவரோ மாற்ற வேண்டாம் என்றுவிட்டார். ஆகவே வாசிகசாலைக்கு வந்த பிள்ளைகள் எல்லோரும் கம்பியூட்டரில் முதன்முதலாக அடித்துப் பழகியது என் கணவருடைய பெயரைத்தான். கல்யாணத்தன்று மாலையும் கழுத்துமாக அவர் மணவறைக்கு வந்தபோது, "பாஸ்வேர்ட் வர்றாரு!" என்று அவர்கள் கத்தினார்கள். அன்றிலிருந்து அவர் லயத்துக்கே பாஸ்வேர்ட் அண்ணன். மாமியாரும் விட்டபாடில்லை. மகன் மறந்துபோய் உப்பு வாங்காமல் வந்தால்கூட, "அன்னைக்கே அந்த மிஷினு சொல்லிச்சு, இவன் தப்புன்னு" என்பார்.

எங்கள் மகளை முதலாம் வகுப்பில் சேர்க்கப் போயிருந்தோம். இளம் டீச்சர் ஒருவர் குனிந்து எழுதிக்கொண்டே, "அப்பா பேரு என்னாம்மா?" என்று கேட்டார்.

"பாஸ்வேர்ட்" என்றாள் மகள்.

நான் அவசரமாகத் திருத்த வாயெடுத்தேன். டீச்சர் நிமிரவேயில்லை.

"தெரியும்" என்று சொல்லிவிட்டு, ரவிச்சந்திரன் என்று எழுதினார்.