மார்லூன் யார் வீட்டு வார்த்தை

மந்தைவெளி
ஆகஸ்ட் 4

அழகில் அக்காவையும் அறிவில் தாய்மாமனையும் கொண்டு பிறந்த மணிமொழிக்கு, மாமன் வேலு எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் உன் அத்தை பொன்மணியும் நலம். அக்காவின் முழங்காலை நான் விசாரித்ததாகச் சொல்.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போன வாரம் வீட்டுக்குள் கரப்பான்பூச்சி என்று ஒரே ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னேன். மறுநாள் போனைத் திறந்தால் நாலு விதமான கரப்பான் மருந்து விளம்பரம். அந்தப் போனை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு குடும்ப விஷயம் பேச நான் தயாராக இல்லை. இந்த உறையை ஒட்டி, ஒட்டின இடத்தின் மேல் கையெழுத்துப் போட்டு அனுப்புவேன். கையெழுத்து இரண்டாகப் பிரிந்திருந்தால் யாரோ படித்துவிட்டார்கள் என்று அறியவும்.

விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் உனக்கு எவ்வளவு தெரியும் என்பதே இப்போது கேள்வி. லஸ் பக்கத்துப் பூங்காவில் காலையில் நடக்கிற நாங்கள் நாற்பது பேர். எங்கள் நடை மன்றத்தில் சுதந்திர தினக் கொடியை ஆறு வருஷமாக ஏற்றுகிறவர் பரத்வாஜ் சார், பேங்க் மேனேஜராக இருந்து ரிட்டையர் ஆனவர். கம்பத்துக்குப் பெயிண்ட் அடிப்பது நான். கொடிக்குள் பூவை வைத்து, ஒரே இழுப்பில் அவிழ்கிற மாதிரி முடிச்சுப் போடுவது நான். அந்த முடிச்சு தெரிந்தவர்கள் தமிழ்நாட்டில் மூன்றே பேர், அதில் இருவர் காலமாகிவிட்டார்கள். அவர் வந்து கயிற்றை இழுப்பார், பூ அவர் தலையில் விழும், எல்லோரும் கை தட்டிவிட்டு வழக்கப்படி கொடியேற்றினவர் வீட்டுப் பொங்கலைச் சாப்பிடுவோம். ஆறு வருஷமாக நான் கயிற்றைக் கட்டிவிட்டு ஓரமாக நின்று கை தட்டுகிறேன். இந்த வருஷம் வாய்விட்டே கேட்டேன், ஒருதரம் நான் இழுத்தால் கொடி ஏறாதா என்று.

மன்றத் தலைவர் மெஹபூப் அலி பாய், சாந்தோம் பக்கம் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவர், யார் மனமும் நோகாமல் ஒரு போட்டி வைத்தார். தினம் காலையில் போர்டில் மூன்று இங்கிலீஷ் எழுத்து எழுதுவார். அந்த மூன்றும் வருகிற வார்த்தைகளை மறுநாள் எழுதிக்கொண்டு வரவேண்டும். ஆகஸ்ட் பத்து வரைக்கும் யாருக்கு எண்ணிக்கை அதிகமோ அவர் கொடியேற்றலாம். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், எட்டாம் வகுப்பு என்று. முப்பத்தைந்து வருஷம் நம்பர் பிளேட் எழுதினவன் நான். மயிலாப்பூரிலும் அடையாறிலும் ஓடுகிற வண்டிகளில் பாதிக்கு இங்கிலீஷ் கொடுத்தவன். இருபத்தாறு எழுத்தும் என் கையில் இருந்தன, சேர்த்து வைக்கத்தான் ஆள் வேண்டியிருந்தது. அதற்கு மட்டும் உன்னைக் கேட்டேன். நீ பெருங்குடி ஆபீசில் கம்ப்யூட்டரில் தட்டி அனுப்புவாய், நான் அழகாகத் தாளில் எழுதிக்கொள்வேன். சில நாள் என் பங்குக்கு ஒன்றிரண்டு சேர்த்ததும் உண்டு, அது பேச்சில்லை.

முதல் இரண்டு வாரம் நான் மலைபோல முன்னால் இருந்தேன். திடீரென்று, நான் பதினெட்டு என்றால் பரத்வாஜ் சார் பத்தொன்பது. நான் முப்பத்தொன்று என்றால் அவர் முப்பத்திரண்டு. தினமும் ஒன்றே ஒன்று கூட. இது தற்செயல் என்று நம்ப நான் இன்னும் இரண்டு வகுப்பு படித்திருக்க வேண்டும். முதல் சந்தேகம் அவர் காதில் மாட்டியிருக்கும் மெஷின் மேல். வீட்டிலிருந்து யாராவது அதில் வார்த்தை ஓதுகிறார்களா என்று பின்னால் போய் நின்று மெதுவாக "கழுதை" என்று சொல்லிப் பார்த்தேன். "சொல்லுங்கோ வேலு, காது இப்போ நன்னா கேக்கறது" என்றார். அடுத்த சந்தேகம் பூங்கா வாசலில் அருகம்புல், பாகற்காய் ஜூஸ் விற்கும் முத்தம்மா. டம்ளருக்கு அடியில் சீட்டு வைத்துக் கொடுக்கிறாளோ என்று நாலு நாள் பக்கத்திலேயே நின்று காவல் காத்தேன். சும்மா நிற்க முடியுமா, தினம் இரண்டு டம்ளர் பாகற்காய் ஜூஸ். "இன்னா நைனா, சக்கரை ஏறிப்போச்சா?" என்று கேட்டாள். சீட்டு கிடைக்கவில்லை, வயிறுதான் கெட்டது.

நேற்று உண்மை வெளியே வந்தது. எழுத்துகள் எம், ஆர், எல். அலாரம், மார்பிள், மினரல், அம்பரல்லா என்று நான் கொண்டுபோனது இருபத்து மூன்று, அவர் இருபத்து நான்கு. பாய் டிக்‌ஷனரியை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்து என் தாளில் ஒரு வார்த்தையில் நின்றார்.

"மார்லூனா? அப்படின்னா இன்னா வேலு?"

விட்டுக் கொடுப்பேனா. "லண்டன்ல குளிருக்குப் போடுற ஒரு தினுசு கோட்டு, பாய்" என்றேன்.

அவர் தாளையும் புரட்டினார். அதிலும் மார்லூன்.

"பரத்வாஜ் சார், இது நீங்க சொல்லுங்க."

"கப்பல் சட்டத்துல வர்ற வார்த்தை, பழசு" என்றார் சார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. "எங்காத்துலகூட நேத்திக்கு இதைத்தான் சொல்லிண்டிருந்தா."

"ஒருத்தர் மாட்டிக்கிறாரு, ஒருத்தர் மிதக்க விடுறாரு. டிக்‌ஷனரியில ரெண்டும் இல்ல" என்று பாய் இரண்டு தாளிலும் அடித்துவிட்டார்.

மணிமொழி, எட்டாம் வகுப்புச் சரித்திரப் பரீட்சையில் நான் மாட்டிக்கொண்ட கதை உனக்குத் தெரியாது. பக்கத்துப் பையனைப் பார்த்துச் சரியாக எழுதின ஏழு கேள்வியை வாத்தியார் ஒன்றும் சொல்லவில்லை. அவன் தப்பாக எழுதின ஒன்றை நானும் அதே தப்போடு எழுதியிருந்தேன், அதில் பிடித்தார். சரியான விடை எல்லார் வீட்டிலும் இருக்கும், தப்பு ஒரு வீட்டிலிருந்துதான் புறப்படும். மார்லூன் எந்த வீட்டிலிருந்து புறப்பட்டது? எனக்கு வார்த்தை அனுப்புகிறவள் நீ ஒருத்திதான். பரத்வாஜ் சாரின் பையனும் பெருங்குடியில்தான் வேலை பார்க்கிறான். உன் ஆபீஸா, எதிர் ஆபீஸா, கான்டீன் ஒன்றா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய வயதில் இருக்கிறேன். பையன் நல்லவனாகவே இருக்கட்டும், நான் குறுக்கே நிற்கிறவன் இல்லை. ஆனால் தாய்மாமன் கொடியை விற்றுத்தானா? உண்மையைச் சொல்லிவிடு, கோபிக்க மாட்டேன். உன் கல்யாணத்தில் என் சீர்வரிசையில் ஒரு தட்டு குறையும், அவ்வளவுதான்.

அக்காவுக்கு என் வணக்கம். உனக்கு என் ஆசி, சந்தேகம் தீரும்வரை பாதி.

இப்படிக்கு,
ஆறு வருஷமாகக் கயிறு கட்டும் மாமன்,
வேலு

பின்குறிப்பு: உறையை ஒட்டித் தருகிறேன் என்று வாங்கிய உன் அத்தை உட்கார்ந்து முழுவதையும் படித்துவிட்டாள். "பாவம்யா அந்தப் பொண்ணு. அது அனுப்புனது இருவத்திரெண்டுதான். இருவத்தி மூணாவது, அந்த மார்லூனு, நீ டீ குட்ச்சிக்கினே எழுதுனது. எழுத்து எவ்ளோ அழகா குந்திகினு கீது பாருன்னு என்கிட்டயே காட்டல?" என்றாள். தாளைப் பார்த்தேன். உண்மையிலேயே அழகாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. அப்படியானால் அவருக்கு எப்படிப் போனது என்று கேட்டேன். "நான்தான் டெய்லி போட்டோ புட்ச்சி பரத்வாஜ் சார் வூட்டு மாமிக்கு அனுப்பிக்கினு கீறேன். கூட ஒண்ணு அவங்க சேத்துக்குவாங்க. நீ ஒரு இழுப்பு இழுத்துட்டு பூவோட வந்துருவ. நாப்பது பேருக்கு அண்டாவுல பொங்கல் கிண்டுறது யாரு? மாமிக்கு அது ஆசை. எனக்கு இடுப்பு வலி" என்று சொல்லிவிட்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

ஆகவே மேலே எழுதியதைப் படித்திருந்தால் மறந்துவிடு. ஆசி முழுதாகவே தருகிறேன், தட்டும் குறையாது. கிழித்துப்போட்டு வேறு எழுதலாம், கையெழுத்து இவ்வளவு நன்றாக வந்திருக்கிறது, மனம் வரவில்லை. நாளையிலிருந்து தாளைச் சட்டைக்குள்ளேயே வைத்துக்கொள்வேன், நீ அனுப்புவதை நிறுத்தாதே. உன் அத்தை வருவதற்குள் இந்த ஓரத்தில் பொடியாக இன்னொன்றும் எழுதிவிடுகிறேன்: பதினைந்தாம் தேதி காலை ஏழு மணிக்கு நாற்பது பேருக்கு வெண்பொங்கல், முந்திரி தூக்கலாக, உங்கள் வீட்டில் ஆகுமா என்று அக்காவை நல்ல மூடில் இருக்கும்போது கேட்டுச் சொல்.