நேத்துக்காரரும் நாற்பத்தோரு கோப்பைகளும்

மனிதன் திட்டுக்குப் பயப்படுவான், போலீசுக்குப் பயப்படுவான், மாமனாருக்குப் பயப்படுவான். ஒருவர் வாயைத் திறந்து நன்றி சொல்லிவிடுவாரோ என்று பதினோரு பேர் பயந்து நடுங்கிய ஆபீஸ் உலகத்திலேயே ஒன்றுதான் இருந்திருக்கும். அது குன்னூரில் இருந்தது. அதில் ஐந்து வருஷம் நானும் நடுங்கினேன்.

எழுபதுகளின் பிற்பகுதி. ஏலத்துக்குப் போகும் தேயிலையை ருசி பார்த்து மதிப்புப் போடும் தரகர் ஆபீஸ் அது. நீளமான மேஜையில் வரிசையாகக் கோப்பைகள் இருக்கும். டேஸ்டர் சார் கரண்டியால் அள்ளி, ஜன்னல் கண்ணாடி அதிரும்படி உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, காலால் தள்ளிக்கொண்டே வரும் சக்கரம் வைத்த தொட்டியில் துப்புவார். துப்பிவிட்டு ஒரு வார்த்தை சொல்வார். அதைப் பெரிய நோட்டில் எழுதிக்கொண்டே பின்னால் போவது என் வேலை. ஊரில் சொன்னால் நம்பவே மாட்டார்கள், எங்கள் ஆபீசில் இருப்பதிலேயே பெரிய சம்பளம் துப்புகிறவருக்குத்தான்.

அந்தக் கோப்பைகளில் தேயிலையை நிறுத்துப் போட்டு, கொதிக்கும் நீரை ஊற்றி, கடிகாரம் பார்த்து வடிப்பவர்தான் நம்முடைய ஆள். என்னைவிட நாலு வயது சின்னவர். காக்கிக் கோட்டு, காதை மூடிய கம்பளிக் குல்லா, முழங்கை மட்டும் தெரிகிற அளவுக்கு ஒல்லி. பெயர் சம்பளப் பட்டியலில் இருந்திருக்கும். ஆபீசில் அவருக்கு நேத்துக்காரர் என்றுதான் பெயர். தினமும் காலை எட்டரைக்கு, கையில் ஆவி பறக்கும் கெட்டிலோடு ருசி பார்க்கும் அறையின் வாசலில் நிற்பார். உள்ளே வருகிற ஒவ்வொருவரிடமும், "நேத்து..." என்று ஆரம்பித்து, முந்தின நாள் அவர் செய்த ஒரு காரியத்துக்கு நன்றி சொல்வார். கொதிக்கிற கெட்டில் வைத்திருப்பவரை இடித்துக்கொண்டு ஓடவும் முடியாது.

பொதுப்படையாக நன்றி சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம்? அவர் குறிப்பாகச் சொல்வார். அங்கேதான் வினை.

ஒரு நாள் ஹெட் கிளார்க், டேஸ்டர் சாருக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தார். நேத்துக்காரர் வழிமறித்தார்.

"நேத்து மத்தியானம் தூங்குனப்ப நீங்க கொறட்டை உடலீங்க. எனக்குக் கடிகார மணி தெளிவாக் கேட்டுச்சு. ரொம்ப நன்றிங்க."

ஹெட் கிளார்க் முகம் போன போக்கை இன்னும் மறக்க முடியவில்லை. அடுத்த மாதமே மனுஷர் காய்ச்சல் என்று ஒரு நாள் லீவு போட்டார். அன்றைக்கென்று பழுது பார்த்த தராசை வாங்கி வர நேத்துக்காரரை ஊட்டிக்கு அனுப்பியிருந்தார்கள். மறுநாள் காலை வாசலில் குரல் கேட்டது.

"நேத்து அவ்வளவு காய்ச்சல்லயும், குதிரைப் பந்தயத்துல இருந்து என்னைப் பாத்து கையாட்டுனீங்க. பெரிய மனசுங்க. நன்றிங்க."

இதில் கிண்டலோ கோள் சொல்லும் எண்ணமோ துளியும் கிடையாது. அதுதான் எங்களுக்கு எரிச்சலே. கிண்டல் என்றால் திருப்பி நாலு கேட்கலாம். கண் கலங்க நன்றி சொல்பவனை என்ன செய்வது?

டேஸ்டர் சாரும் தப்பவில்லை. ஒருநாள் அவர் மனைவி ஆபீசைப் பார்க்க வந்திருந்தார். அந்த அம்மா பின்னால் நிற்பதைக் கவனிக்காமல் நேத்துக்காரர் ஆரம்பித்துவிட்டார்.

"நேத்து உங்க ஊட்டம்மா போன் பண்ணப்ப, மீட்டிங்ல இருக்கேன்னு என்னையச் சொல்லச் சொன்னீங்க. டைப்பிஸ்ட்டம்மா இருந்தும் என்னைய நம்பிச் சொன்னீங்க பாருங்க, நன்றிங்க."

அன்று மாலையே நோட்டீஸ் ஒட்டப்பட்டது. 'அலுவலக நேரத்தில் ஊழியர்கள் ஒருவருக்கொருவர் நன்றி தெரிவிப்பது இன்று முதல் தடை செய்யப்படுகிறது' என்று டைப்பிஸ்ட் ஸ்டெல்லா சிரிப்பை அடக்கிக்கொண்டு அடித்துக் கொடுத்தார். எங்களுக்கெல்லாம் தீபாவளி. மறுநாள் எட்டரைக்கு நேத்துக்காரர் டேஸ்டர் சார் முன்னால் வந்து நின்றார்.

"நேத்து நோட்டீசை என்ற கண்ணுக்கு நேரா ஒட்டச் சொன்னீங்க. கழுத்தைத் தூக்காம படிச்சனுங்க. நன்றிங்க."

டேஸ்டர் சார் நேரே போய்த் தன் கையாலேயே நோட்டீசைக் கிழித்தார்.

மனிதர்கள் என்றில்லை. முந்தின நாள் தாமதமாக வந்தாலும் மறக்காமல் ஊதிய மலை ரயிலுக்கு நன்றி சொல்வார். நாலு பிஸ்கட் பாக்கெட்டில் ஒன்றை மட்டும் எடுத்துப்போன குரங்குக்கு, ஜன்னலைத் திறந்து நன்றி சொல்வார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

"ஏனுங்க, நல்லது நடந்தா அப்பவே சொல்லிட்டுப் போறதுதானே? எதுக்கு மறுநாள் வரைக்கும் வெச்சுக்கிறீங்க?"

"அன்னிக்கு நடந்தது அன்னிக்கு ஊறோணுங்க. மறுநா காலைல வடிச்சரோணும். அதுக்கு மேல உட்டாக் கசந்து போயிருமுங்க."

கெட்டில் தூக்குகிறவரின் சித்தாந்தம் கெட்டில் மாதிரிதான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவருக்குப் பயந்து ஆபீஸ் கொஞ்சம் கொஞ்சமாகத் திருந்திவிட்டது. ஹெட் கிளார்க் மத்தியானத் தூக்கத்தை விட்டார். ஏதாவது ஒரு நல்ல காரியம் செய்து வைத்தால், காலையில் அதை மட்டும் சொல்லி நம்மை விட்டுவிடுவாரே என்று ஆளாளுக்கு அலைந்தோம். குழாயை இறுக்கி மூட இரண்டு பேர் போட்டி போட்டதை என் கண்ணால் பார்த்தேன்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

நான் அங்கே சேர்ந்தபோது எனக்கு முப்பத்தைந்து வயது. கீழ் கோத்தகிரிப் பக்கம் வேலை பார்த்த எஸ்டேட் ஆபீசை மூடிவிட்டார்கள். ஒன்றரை வருஷம் சும்மா இருந்துவிட்டு, இங்கே தற்காலிகமாக நுழைந்திருந்தேன். பதினோரு மாதம் ஓடிவிட்டது. அந்த வெள்ளிக்கிழமை டேஸ்டர் சார் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மறுபடி மாமனார் வீடு. மாமனாருக்குப் பயப்படுவதைப் பற்றி முதல் வரியில் எழுதியது அனுபவத்தில்தான்.

புதன்கிழமை நாற்பது தேயிலை வந்திருந்தது. எங்கள் மேஜையில் நாற்பது தேயிலைக்கு நாற்பத்தோரு கோப்பை வைப்பது வழக்கம். முதல் கோப்பை போன வாரத்துச் சரக்கு. டேஸ்டர் சார் அதைக் குடித்து நாக்கைச் சரிபார்த்துக்கொண்டு, அடுத்ததிலிருந்துதான் சொல்ல ஆரம்பிப்பார். முதல் கோப்பைக்கு அவர் வாயே திறக்கமாட்டார். அன்றைக்கு என்ன சந்தோஷமோ, "அடடா, இது நல்லா இருக்கே" என்றார். பதினோரு மாதத்தில் இல்லாத பழக்கம். நான் கடமை தவறாமல் அதை ஒன்றாம் நம்பருக்கு எதிரே எழுதிவிட்டேன்.

அப்புறம் என்ன, எல்லாம் ஒரு வரி தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. முன்னவன் குணம் பின்னவன் தலையில். கடைசியில் ஒரு குறிப்பு மிஞ்சியது. மிஞ்சினால் யோசிக்க வேண்டாமா? அவசரத்தில் கடைசி இரண்டையும் ஒரே வரியில் நெருக்கி எழுதினேன். டேஸ்டர் சார் பக்கத்தின் அடியில் சுருக்கொப்பம் போட்டார். அவர் ஒப்பமிட்ட பக்கத்தில் பிறகு ஒரு புள்ளியைக்கூட நான் தொடக்கூடாது.

சாயங்காலம் கிளம்பும்போது, மத்தியானமே கழுவி அடுக்கியிருக்க வேண்டிய கோப்பைகள் மேஜையில் அப்படியே இருந்தன. நேத்துக்காரர் அவற்றுக்கு நடுவே விரித்துக் கிடந்த நோட்டைப் பார்த்துவிட்டு என்னையே பார்த்தார். இவருக்கும் சோம்பல் வந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டு கடைசி பஸ்ஸைப் பிடித்தேன்.

பஸ்ஸில் கண்டக்டர் தலைகளை எண்ணினார். "முப்பத்தொண்ணு வருது, டிக்கெட்டு முப்பதுதான் கிழிச்சிருக்கு. எவன்யா அது வாங்காதவன்?" என்று இரண்டு வளைவு வரை கத்தினார். பிறகு ஒரு பெரியவர் சொன்னார், "தம்பி, உன்னையும் சேத்து எண்ணிப்போட்ட."

பஸ்ஸே சிரித்தது. நான் மட்டும் சீட்டைவிட்டு எழுந்துவிட்டேன். முதல் கோப்பை! எமரால்டு ஊர்ப் பக்கத்து ஒரு சின்ன ஃபேக்டரி அந்த வாரம் அருமையான தேயிலை அனுப்பியிருந்தது. அதற்கு எதிரே என் கையெழுத்தில், பக்கத்துக் கோப்பையின் 'புகை நாற்றம்' உட்கார்ந்திருக்கிறது. காலை பத்து மணிக்கு நோட்டு டைப்புக்குப் போகும். அங்கிருந்து ஏலப் பட்டியலாக அச்சுக்கு.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மறுநாள் நான் முதல் பஸ்ஸில் வந்தது தப்பை ஒத்துக்கொள்ள அல்ல. கோப்பை வரிசை தெரிந்தவர் டேஸ்டர் சாரைத் தவிர ஒரே ஒருவர்தான். அவர் வாயை வெள்ளிக்கிழமை வரை அடைக்க வேண்டும். 'நேத்து முதல் கோப்பையையும் சேத்து எழுதுனீங்க, நன்றிங்க' என்று எட்டரைக்கு முழங்கிவிட்டால் என் கதி?

உள்ளே நுழைந்தேன். மேஜையில் நாற்பத்தோரு புதுக் கோப்பைகள். அதே நாற்பது தேயிலை, அதே வரிசை. தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"ஏனுங்க," என்றேன். "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் எனக்கு நன்றி வேண்டாங்க. உங்களைக் கும்புட்டுக் கேட்டுக்கறேன்."

அவர் பதில் சொல்லுமுன் டேஸ்டர் சார் வந்துவிட்டார். பின்னால் ஹெட் கிளார்க், ஸ்டெல்லா. நேத்துக்காரர் கெட்டிலோடு நேரே என்னிடம் வந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இன்னிக்கு," என்றார்.

ஸ்டெல்லா கையிலிருந்த குடையைக் கீழே போட்டுவிட்டார். அந்த மனிதர் வாயிலிருந்து அந்த வார்த்தை அதுவரை வந்ததே இல்லை.

"இன்னிக்கு, நடந்த தப்பை நீங்களே சார்கிட்டச் சொன்னீங்க. ரொம்ப நன்றிங்க."

டேஸ்டர் சார் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "என்ன தப்பு? எங்கிட்ட எப்பய்யா சொன்னான்?"

"இனிமேத்தான் சொல்லுவாருங்க."

முன்பணம் மாதிரி நன்றியை வாங்கிக்கொண்டு சும்மா நிற்க முடியுமா? சொன்னேன். முதல் கோப்பையில் ஆரம்பித்து, மிஞ்சின குறிப்பு, கண்டக்டர், மாமனார் வரைக்கும் வந்து, கடைசியில் முப்பத்தைந்து வயது ஆண்பிள்ளை விக்கி விக்கி அழுதேன்.

டேஸ்டர் சார் நோட்டைப் புரட்டினார். வரி வரியாக விரலை ஓட்டினார். "தப்பைக்கூட வரிசை பிசகாமப் பண்ணியிருக்கய்யா. எல்லாத்தையும் ஒரு வரி மேலே ஏத்தினாச் சரியாப் போச்சு. இதுக்கா இப்படி அழுவே?"

ஒரு வரி மேலே! எனக்கு அது தோன்றவே இல்லை. மூச்சு என்பது வெளியே விடுவதற்கும்தான் என்று அப்போது நினைவுக்கு வந்தது. எதற்கும் சரிபார்த்துவிடுவோம் என்று சார் இரண்டாவது கோப்பையைக் குடித்தார். சரியாக இருந்தது. கடைசியும் சரியாக இருந்தது. நடுவில் பதினேழாம் நம்பரைக் குடித்துத் துப்பி, "வெறும் வைக்கோல்" என்றார். நோட்டில் அவரே முந்தின நாள் சொன்னது 'தேன் மாதிரி' என்று இருந்தது. நேத்துக்காரர் மெதுவாக வாயைத் திறந்தார்.

"நேத்து எனக்குச் சளி," என்றார் டேஸ்டர் சார் அவசரமாக. "நீ வாயை மூடு. ஏய்யா, திருத்தின எடத்துல எல்லாம் எங்கிட்ட ஒப்பம் வாங்கு. வெள்ளிக்கிழமை லெட்டரை வாங்கிக்க."

அன்று நீலகிரியில் என்னைவிட லேசான மனிதன் யாரும் இல்லை. வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் ஏறினேனா, பறந்தேனா தெரியாது. அதே கண்டக்டருக்கு ஒரு கும்பிடு போட்டேன். அவர் பயந்துபோய் டிக்கெட்டை இரண்டு தடவை சரிபார்த்தார்.

நேத்துக்காரருக்கு நன்றி சொல்ல வேண்டுமே. அவர் முறைப்படி மறுநாள் காலையில்தான் சொல்ல வேண்டும். வழி நெடுக மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். 'நேத்து நீங்க எனக்காகத் திரும்பவும் நாப்பத்தொரு கோப்பை ஊத்துனீங்க. உங்க வழக்கத்தையே மாத்திக்கிட்டீங்க. நன்றிங்க.' வாசலில் அவரைப் பார்த்து வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"நேத்து அவ்வளவு அழுதும், மேசைத் துணிய எடுத்து மூக்கத் தொடைக்காம உங்க சொந்தக் கர்ச்சீப்புல தொடைச்சீங்க. துணி தொவைக்கிற வேலை மிச்சமுங்க. ரொம்ப நன்றிங்க."

ஆபீஸே வெடித்துச் சிரித்தது. ஹெட் கிளார்க் பந்தயக் கணக்கையெல்லாம் சேர்த்துச் சிரித்துத் தீர்த்தார். எனக்கு வந்த கோபத்தில் மனப்பாடம் செய்தது மறந்தே போயிற்று. அதற்கு மறுநாள் தனியாகப் பிடித்துச் சொல்லப் போனேன். கையைக் காட்டித் தடுத்துவிட்டார்.

"முந்தாநாள் சமாச்சாரம் வேண்டாங்க. கசந்து போயிருக்கும்."

பிறகு நான் கோயம்புத்தூருக்கு வேலை மாறி வந்துவிட்டேன். பிள்ளைகள் படித்தார்கள், பேரன்களும் வந்துவிட்டார்கள். இப்போதெல்லாம் காலையில் காபி வந்ததும் என் மனைவியிடம், "நேத்து ரசத்துல..." என்று ஆரம்பிக்கிறேன். "சொல்றதை ஒழுங்காச் சொல்லுங்க, குத்தம் சொல்றீங்களா, நன்றி சொல்றீங்களா?" என்கிறாள். பழகவில்லை. அந்த மனுஷருக்கு மட்டும் எப்படித்தான் கைவந்ததோ.

அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதை அவரிடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. எங்கே இருக்கிறாரோ, இது அச்சான பக்கத்தில் யாராவது பஜ்ஜி மடித்துக் கொடுத்தாவது அவர் கண்ணில் படட்டும்.

நேத்துக்காரரே, நேத்து நீங்க எனக்காகத் திரும்பவும் நாப்பத்தொரு கோப்பை ஊத்துனீங்க. ரொம்ப நன்றிங்க. எனக்கு அது இன்னும் நேத்துதாங்க, கசக்கவே இல்லை.